முள்ளுக்குக் கீழே ஒரு கண்

எங்கள் லேபில் ஒரு மேசைக்கு இரண்டு பேர். ஒருத்தர் ரீடிங் பார்த்துச் சொல்ல வேண்டும், மற்றவர் எழுதிக்கொள்ள வேண்டும். வாரா வாரம் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எல்லா மேசையிலும் மாற்றிக்கொண்டார்கள். எங்கள் மேசையில் மட்டும் மாறவே இல்லை. அக்கா பார்ப்பாள், நான் எழுதுவேன்.

அக்கா என்றதும் மூத்தவள், பொறுப்பானவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். அவள் கொஞ்சம் முந்திக்கொண்டு வெளியே வந்தாள், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பிடித்துக்கொண்டு என்னை ஆட்டிப் படைத்தாள். வீட்டில் அவள் பெரியவள், நான் சின்னவள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. குளியலறைக்கு முதலில் அவள். நான் என்ன கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் 'இல்ல' என்று பதில் வந்துவிடும். "அக்கா, உன் நீலச் சட்டையைப் போட்டுக்கட்டுமா?" "இல்ல." "அக்கா, மழை வரும்போல இருக்கே?" "இல்ல." இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்த அன்றுகூட, "இதெல்லாம் மழை இல்லடி, தூறல்" என்று சாதித்தாள். அவள் வாயிலிருந்து ஒரு 'ஆமா'வைப் பிடுங்குவதற்குள் என் உயிரே போய்விடும் என்று அம்மாவிடம் புலம்புவேன்.

இரண்டாம் வருடத்தில் மின்சாரம், காந்தம், ஒளி மூன்றையும் ஒரே பிராக்டிகல் பேப்பரில் கட்டிப்போட்டிருந்தார்கள். கட்டடத்தின் கோடியில் நீளமான அறை. நடுவில் மின்சாரத்துக்கான மேசைகள், ஒயரும் பெட்டியும் சிதறிக் கிடக்கும். சுவரோரம் காந்தத்துக்கான மேசைகள். அவற்றில் ஒரு இரும்பு ஆணிகூடக் கிடையாது, எல்லாம் பித்தளைத் திருகு. அந்தப் பக்கம் போகும்போது சாவிக்கொத்தையும் போனையும் வாசலிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். எங்கள் ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜீரோ சார். எந்த மேசைக்கு வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஜீரோ பாத்தியாம்மா?" பாராட்டும் அதுதான், திட்டும் அதுதான். அவர் வீடு தீப்பிடித்தாலும் தண்ணி ஊத்த வந்தவனிடம் ஜீரோ பாத்தியான்னுதான் கேப்பார் என்பாள் அக்கா.

சுவரோர மேசையில் எங்களுக்கு வாய்த்தது டேஞ்சன்ட் கால்வனாமீட்டர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நிமிர்ந்து நிற்கும் ஒரு வட்டச் சட்டத்தில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். நடுவில் ஒரு காம்பஸ் பெட்டி. அதற்குள் குட்டிக் காந்தம், அதோடு ஒட்டிய நீளமான மெல்லிய முள். கம்பியில் மின்சாரம் விட்டால் முள் திரும்பும், எத்தனை டிகிரி என்று பார்க்க வேண்டும். மின்சாரத்தை எதிர்ப்பக்கமாக விட்டால் அதே அளவு அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பக்கத்தில் எங்கோ இரும்போ காந்தமோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் சாருக்கு ஜீரோ பைத்தியம். மின்சாரம் விடுவதற்கு முன்னால் முள் பூஜ்யத்தில் ஆடாமல் நிற்க வேண்டும்.

முள்ளுக்குக் கீழே வட்டமாக ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி பதித்திருக்கும். சாய்வாகப் பார்த்தால் ரீடிங் தப்பாகிவிடும் என்பதற்காக அது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் மேலே குனிந்து, முள் தன் பிம்பத்தைத் தானே மறைக்கும்வரை தலையை நகர்த்த வேண்டும். அப்படிக் குனிந்தால் முள்ளுக்குக் கீழேயிருந்து உங்கள் கண்ணே உங்களைப் பார்க்கும். முகம் தெரியாது, கண் மட்டும்தான்.

அக்கா குனிவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, திரும்பிக்கூடப் பார்க்காமல் என் பக்கம் நீட்டி, "பிடி" என்பாள். நான் அதை ஒரு கையில் வைத்துக்கொண்டு மேசையின் அந்தக் கோடியில் நின்று எழுத வேண்டும். "ஏன், மேசைல வெச்சா குறைஞ்சா போயிடுவே?" "இல்ல. பிடி. தள்ளி நில்லு." "ஒரே ஒரு தடவை நான் பாக்கறேனே?" "இல்ல. நீ எழுது." பெரிய மகாராணி, கண்ணாடி தாங்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்று முனகிக்கொண்டே எழுதுவேன். ஆனால் அவள் சொல்லும் எண்கள் சுத்தமாக இருக்கும். இந்தப் பக்கம் நாற்பத்து மூன்று என்றால் அந்தப் பக்கமும் நாற்பத்து மூன்று. ஜீரோ சார் எங்கள் மேசையில் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார்.

கண்ணாடி பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்கும் கிட்டப்பார்வை, பவர்கூட ஒன்றுதான். முகம் ஒன்று, குரல் ஒன்று, வித்தியாசம் பிரேமில்தான். என்னுடையது தடித்த கறுப்பு பிளாஸ்டிக். அவளுடையது புதுமாதிரி. வெயிலில் இறங்கினால் மேலே ஒரு கறுப்பு மூடியை டக்கென்று மாட்டிக்கொள்வாள், நிழலுக்கு வந்ததும் கழற்றிப் பைக்குள் போடுவாள். எனக்கும் அதே மாதிரி வாங்கித் தருவதாக அப்பா சொன்னபோது, "இல்லப்பா, அப்புறம் யாரு யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று தடுத்துவிட்டாள்.

ஒளிப் பரிசோதனைகளுக்கு லேபை ஒட்டி ஒரு இருட்டறை உண்டு. ஜன்னலில் கறுப்புத் துணி, உள்ளே ஒரே ஒரு சோடியம் விளக்கு. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வேறு நிறமே இருக்காது. சிவப்புச் சட்டை கறுப்பாகும், உதடு சாம்பலாகும், நல்ல களையான முகம்கூடப் பிணமாகும். ஒருநாள் அக்கா விளக்குக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு, "பாத்துக்கோ, நான் செத்தா இப்படித்தான் இருப்பேன்" என்றாள். "நானும்தானே?" என்றேன். "இல்ல," என்றாள் வழக்கம்போல, "நீ பல்லெல்லாம் கொட்டின அப்புறம்தான் சாவே." இருட்டில் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

காய்ச்சல் என்று படுத்தாள். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது அவள் முகம் சோடியம் விளக்கில் பார்த்த மாதிரி இல்லை. நல்ல நிறமாக, கூப்பிட்டால் எழுந்துவிடுகிற மாதிரி இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்கு வீடு கொள்ளாத கூட்டம். யாருடைய காலிலோ மிதிபட்டு என் கண்ணாடி நொறுங்கிப்போயிற்று. புதுசு வாங்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அலமாரியில் அக்காவுடையது இருந்தது, எடுத்து மாட்டிக்கொண்டேன். சமையலறையில் திரும்பிப் பார்த்த அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். 'பெரியவளே' என்று வாய்வரை வந்ததை விழுங்கியது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசும்போதெல்லாம் என் தோளைப் பார்த்துத்தான் பேசினாள்.

மறுபடி லேபுக்குப் போன அன்று, "வேற மேசைல யாரோடயாவது சேந்துக்கோம்மா" என்றார் ஜீரோ சார். வேண்டாம் சார் என்றேன். எங்கள் மேசையில் தனியாக நின்றேன். ரீடிங் பார்க்கவும் நான், எழுதவும் நான். காம்பஸ் பெட்டியைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். எட்டி நின்று பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. ஒரு கண்ணை மூடிக் குனிந்தேன். முள்ளுக்குக் கீழே அக்காவின் பிரேம் தெரிந்தது. அதற்குள் அக்காவின் கண்.

என் கண்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் இன்னும் கொஞ்சம் குனிந்தேன். முள் நகர்ந்தது.

கம்பியில் மின்சாரம் இல்லை. ஒயரையே இன்னும் மாட்டவில்லை. முள் தானாக, யாரோ கூப்பிட்டுத் தலை திருப்புகிற மாதிரி, பூஜ்யத்தை விட்டு மெல்ல விலகியது. வெடுக்கென்று நிமிர்ந்தேன். முள் இப்படியும் அப்படியும் ஆடிப் பழைய இடத்துக்கே போய் நின்றது. மறுபடி குனிந்தேன், மறுபடி திரும்பியது. பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் குனிந்தபோது அசையவே இல்லை. "சரியாத்தானே இருக்கு?" என்று போய்விட்டாள். நான் குனிந்தால் மட்டும் திரும்பியது.

பயந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. "அக்கா?" என்றேன், உதடு அசையாமல். குனிந்தேன். திரும்பியது.

அன்றிலிருந்து லேப் நாளுக்காகவே மற்ற நாட்களை ஓட்டினேன். வீட்டில் அவள் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அப்பா பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார், அம்மா சமையலறைக்குள் ஒளிந்துகொண்டாள். அவளோடு பேச எனக்கு இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டிதான். முதலில் எட்ட நின்று கேள்வியை மனசுக்குள் கேட்பேன், பிறகு குனிவேன். வலிச்சுதாக்கா? திரும்பியது. நான் கூப்பிட்டது கேட்டுச்சா? திரும்பியது. என்னை விட்டுட்டுப் போனது உனக்குக் கஷ்டமா இருக்கா? திரும்பியது. ஒருநாள், உன் நீலச் சட்டையை நான் எடுத்துக்கட்டுமா என்று கேட்டேன். அதற்கும் திரும்பியது.

அது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு 'ஆமா' சொல்லாதவள் இப்போது எதைக் கேட்டாலும் ஆமாம் ஆமாம் என்கிறாளே. செத்துப்போனால் மனசு இளகிவிடும்போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ரீடிங் எல்லாம் நாசமாய்ப் போனது. இந்தப் பக்கம் முப்பத்தெட்டு, அந்தப் பக்கம் நாற்பத்தேழு. ஜீரோ சார் என் தாளைப் பார்த்துவிட்டு ஜீரோவைப் பற்றிக் கேட்காமல் என்னைப் பார்த்தார். "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். நான் குனிய, முள் திரும்புவதை அவரே கண்ணால் பார்த்தார். அப்புறம் மனுஷன் விடவில்லை. வளையலைக் கழற்று என்றார், வாட்சைக் கழற்று என்றார். கொண்டையூசியை ஒவ்வொன்றாக உருவி மேசையின் கோடியில் வைத்தேன். தலை கலைந்து நான்தான் பேய் மாதிரி ஆனேன். அப்படியும் முள் திரும்பியது. சாரும் குனிந்து பார்த்தார். தன் தடித்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அவருக்குத் திரும்பவில்லை. பெட்டியை மாற்றினார், வேறு மேசைக்கு மாற்றினார். எங்கே போனாலும் அது என்னைப் பார்த்துத்தான் திரும்பியது. "நீ மேசைல சாயறேம்மா, அதான்" என்றார் கடைசியில். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

இதையெல்லாம் பக்கத்து மேசையிலிருந்து ரேடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வகுப்பில் ஒருத்தி, ஒரு விஷயம் அவள் காதில் விழுந்தால் மறுநாளே எல்லா வாயிலும் இருக்கும், அதனால் அந்தப் பெயர். இரட்டையில் ஒன்று போனால் மற்றதை விடாது, வந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்று ஒலிபரப்பினாள். அது எங்கள் வீடுவரைக்கும் எட்டியது.

அம்மா என் தோளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அது உண்மையா?"

"எது?"

"அந்த முள்ளு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இனிமே அங்க போவாத. ஒண்ணைத்தான் விட்டுட்டேன். உன்னையும் விட்டுட்டு என்னால உக்காந்திருக்க முடியாதுடி."

அப்பா பேப்பரை மடித்தார். "பிராக்டிகல் பரீட்சை வரப்போவுது. அதை மட்டும் எழுதட்டும். பாஸ் பண்ணினா அவ இஷ்டத்துக்குப் படிக்கட்டும். இல்லைன்னா படிச்சது போதும், வீட்டோட இருக்கட்டும்." அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

எப்படிப்பட்ட பொறியில் மாட்டிக்கொண்டேன் பாருங்கள். பாஸ் பண்ண வேண்டுமென்றால் முள் எனக்காகத் திரும்பக் கூடாது. முள் திரும்பவில்லை என்றால் அக்கா இல்லை. படிப்பு வேண்டும் எனக்கு. இந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவின் அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நானும் செத்துப்போவேன். ஆனால் படிப்புக்காக அக்காவைத் துரத்துவதா? வேறு பரிசோதனை வரட்டும், லென்ஸ் வரட்டும், மின்தடை வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பரீட்சை அன்று காலையில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அக்காவின் கல்லூரிப் பையை இத்தனை நாள் யாரும் தொடவில்லை. அன்றைக்குத்தான் அம்மா அதைப் பிரித்திருக்கிறாள். கையில் அந்தக் கறுப்பு மூடி.

"வெயில் கொளுத்துது," என்றாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "இதைப் போட்டுக்கோ. அவ போட்டுப்பாளே."

வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். மாட்டக்கூட இல்லை. என் விரலிலிருந்து அதுவாகத் தாவி, டக்கென்று பிரேமில் ஒட்டிக்கொண்டது.

பிய்த்தெடுத்தேன். மறுபடி கொண்டுபோனேன். மறுபடி தாவியது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். மூக்கின் மேல் உட்காரும் இடத்தில், இரண்டு பக்கமும், கடுகளவு இரண்டு பொட்டு. காந்தம்.

வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வளையலைக் கழற்றி, வாட்சைக் கழற்றி, கொண்டையூசியை உருவிவிட்டு, காந்தத்தைக் கண்ணுக்கு நேரே மாட்டிக்கொண்டு நான் அந்த முள்ளின் மேல் குனிந்திருக்கிறேன். சாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பார்ப்பதற்காக மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டுப் பார் என்று யாருக்குச் சொல்லத் தோன்றும்?

அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. பிடி. தள்ளி நில்லு. அவள் மகாராணியும் இல்லை, மண்ணும் இல்லை. எப்போதோ முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். கிட்டப்பார்வைக்காரிக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு? கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, என்னையும் சேர்த்துத் தள்ளி நிறுத்திவிட்டாள். ஏன் சொல்லவில்லை என்பதும் அந்தப் படியில்தான் புரிந்தது. என் பிரேம் வெறும் பிளாஸ்டிக். விஷயத்தைச் சொன்னால், 'அப்போ நான் பாக்கறேன், நீ எழுது' என்று நான் கேட்டிருப்பேன். நியாயமும் அதுதான். ஜன்னலோர சீட்டை விடாதவள் இதை விடுவாளா?

"சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடி உனக்கு?" என்று கத்திவிட்டேன். அம்மா பயந்துபோய் என் தோளைப் பிடித்தாள். அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அக்கா போன அன்று வராத அழுகை அது. அன்றைக்கு அவள் உடம்புதான் போயிருந்தது. அந்தப் படியில்தான் அவள் முழுசாகப் போனாள்.

லேபில் ஒரு தட்டில் சீட்டுகளை மடித்துப் போட்டிருந்தார்கள். எடுத்துப் பிரித்தேன். டேஞ்சன்ட் கால்வனாமீட்டர். ஜீரோ சார் எட்டிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "கொஞ்சம் மார்க் போகும், ஆனா வேற எடுத்துக்கலாம்மா. நான் மேடத்துகிட்ட சொல்றேன்" என்றார் தாழ்ந்த குரலில். மேடம் என்பது வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர். பருத்தித் துணியில் வெள்ளை கோட், கையில் பேனா, சிரிக்காத முகம். "வேணாம் சார், இதுவே செய்யறேன்" என்றேன். பின்னால் ரேடியோ யாரையோ முழங்கையால் இடிப்பது தெரிந்தது.

ஒயர்களை மாட்டினேன். பெட்டியைத் திருப்பினேன். முள் பூஜ்யத்தில் நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் வேலை முடிந்தது. கை மூக்குவரை போயிற்று, கழற்ற முடியவில்லை. ஒரே ஒரு தடவை என்று நினைத்தேன். காரணம் தெரிந்துவிட்டால் மட்டும் ஆசை போய்விடுமா? குனிந்தேன். பிரேமுக்குள் அந்தக் கண்.

நான் பாஸ் பண்ணணுமாக்கா?

திரும்பியது.

நிமிர்ந்து, மறுபடி குனிந்தேன். பாஸ் பண்ணினா நீ போயிடுவியா?

திரும்பியது.

இன்னொரு தடவை நிமிர்ந்து குனிந்தேன். போக மாட்டேதானே?

அதற்கும் திரும்பியது.

நிமிர்ந்தேன். இது அக்கா இல்லை. அக்காவாக இருந்தால் இந்த மூன்றில் ஒன்றுக்காவது சண்டை பிடித்திருப்பாள். கடுகளவு காந்தத்திடம் போய் இத்தனை நாள் ஆமாம் சாமி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண்ணாடியைக் கழற்றினேன். தேர்வாளர் மேடம் அந்த நேரம் பார்த்து என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை தானாக நீண்டது.

"பிடி," என்றேன். "தள்ளி நில்லு."

லேபே திரும்பிப் பார்த்தது. அது என் வார்த்தை இல்லை. நான் யாரையும் அப்படிச் சொன்னதே கிடையாது, அதுவும் ஒரு தேர்வாளரை. ஜீரோ சார் அடுத்த மேசையில் எதையோ பிடித்துக்கொண்டு நின்றார், அவர் முகம் வெளுத்திருந்தது. அந்தக் குரலை அவர் இந்த மேசையில் வாரா வாரம் கேட்டிருக்கிறார். மேடம் என்ன நினைத்தாரோ, கண்ணாடியை வாங்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட்காமலே குனிந்துவிட்டேன்.

முள்ளுக்குக் கீழே பிரேம் இல்லாத கண். அக்கா ஒவ்வொரு தடவையும் குனிந்தபோது பார்த்தது இதைத்தான். நான் மேசையின் அந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்ததால் ஒருநாளும் பார்க்காதது. கண்ணாடியோடு பார்த்தபோது அது என் கண்ணாக இருந்துகொண்டு அக்கா மாதிரி வேஷம் போட்டது. இப்போது அது யாருடைய கண் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இமைக்காமல் பார்த்தது. நானும் இமைக்காமல் பார்த்தேன்.

முள் நகரவில்லை.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்டுவிட்டது. "இருக்கியாக்கா?"

முள் பூஜ்யத்தின் மேல் அப்படியே நின்றது. எத்தனை நேரம் குனிந்திருந்தேனோ, அது ஒரு மயிரிழை அசையவில்லை. இத்தனை நாளில் இதுதான் அது எனக்குச் சொன்ன முதல் 'இல்ல'. கேட்டு முடிப்பதற்குள் சொல்கிற, ஒரு இடத்தைக்கூட விட்டுக்கொடுக்காத அதே 'இல்ல'. என் கண் நிறைந்தது, கீழே இருந்த கண்ணும் நிறைந்தது. ஒரு சொட்டு காம்பஸ் பெட்டியின் மேல் விழுந்து தெறித்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது.

"என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?" என்றார் மேடம், இரண்டடி பின்னாலிருந்து, கண்ணாடியைக் கையில் பத்திரமாகப் பிடித்தபடி.

புறங்கையால் பெட்டியைத் துடைத்தேன். "இல்ல மேடம்," என்றேன். "ஜீரோ சரியா இருக்கு."